"உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று வரும் போலி எச்சரிக்கை: ஃபோர்மட் அடிக்க முன் இதைப் பாருங்கள்

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டில் அப்பா பாவிக்கும் விண்டோஸ் 10 கணினியில் சில கிழமைகளாக, திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன", "மக்கஃபீ காலாவதியாகிவிட்டது" என்று ஆங்கிலத்தில் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. போன கிழமை ஒருநாள் திரை முழுவதும் நீலமாகி, சைரன் மாதிரிச் சத்தம் போட்டு, மைக்ரோசொஃப்ட் பெயரில் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் காட்டி உடனே அழைக்கச் சொல்லியிருக்கிறது. அப்பா பயந்து பிளக்கைக் கழற்றிவிட்டார். ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணா, அந்த இலக்கத்துக்குத் தான் அழைத்துப் பார்க்கிறேன் என்கிறார். நகரத்தில் ஒரு கடையில் கேட்டதற்கு, ஃபோர்மட் அடித்து அன்டிவைரஸ் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?

தம்பி, முதலில் அண்ணாவிடம் சொல்லுங்கள்: அந்த இலக்கத்துக்கு அழைக்கவே வேண்டாம். அடுத்தது, இப்போதைக்குக் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அப்பாவின் கணினியில் வைரஸே இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். போலி எச்சரிக்கை என்று நாங்கள் பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு விஷயங்கள். ஒன்று, ஏதோ ஒரு இணையத்தளம் பிரவுசர் வழியாக அனுப்பும் அறிவிப்பு. இரண்டாவது, திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும் ஒரு வெறும் இணையப்பக்கம். மூன்றாவதுதான் கணினிக்குள் உண்மையிலேயே நிறுவப்பட்டிருக்கும் கெட்ட மென்பொருள். முதல் இரண்டுக்கும் ஃபோர்மட் தேவையே இல்லை. மூன்றாவதுக்கும் பெரும்பாலும் தேவைப்படாது. எது என்று பிரித்து அறியாமல் ஃபோர்மட் அடித்தால், அப்பாவின் பழைய கோப்புகள் போகும். அடுத்த மாதம் அதே படத் தளத்துக்குப் போய் அதே பொத்தானை அழுத்தியதும் அதே அறிவிப்பு திரும்பவும் வரும்.

மூலையில் வருவதில் இருந்து தொடங்குவோம். அடுத்த முறை அது வரும்போது மூடிவிடாமல், அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன எழுத்துகளை வாசியுங்கள். "கூகுள் குரோம்" அல்லது "மைக்ரோசொஃப்ட் எட்ஜ்" என்று பிரவுசரின் பெயரும், கூடவே நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு இணைய முகவரியும் இருந்தால், விஷயம் முடிந்தது. அது வைரஸ் இல்லை. அந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்பும் அனுமதியை யாரோ ஒருவர் எப்போதோ கொடுத்திருக்கிறார். பெரும்பாலும் தெரியாமல்தான். புதுப்படம் காட்டும் தளங்களில் "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்த அலவ் என்பதை அழுத்துங்கள்" என்று வரும். படம் ஓட வேண்டும் என்றால் அழுத்தத்தான் வேண்டும் போலத் தோன்றும். அந்த ஒரு அழுத்தலுக்குப் பிறகு அந்தத் தளம் திறந்திருக்கவே தேவையில்லை. விண்டோஸின் சொந்த அறிவிப்பு வருகிற அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் அது வந்து நிற்கும். அதனால்தான் அப்பா மாதிரிக் கவனமான ஆட்களும் நம்பிவிடுகிறார்கள்.

இதை நிறுத்துவது எளிது. குரோமில் வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி செற்றிங்ஸுக்குப் போங்கள். அங்கே ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செற்றிங்ஸ், அதற்குள் நொட்டிஃபிகேஷன்ஸ். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். உங்களுக்குத் தெரியாத பெயர் எல்லாவற்றையும் பிளொக் பண்ணுங்கள். ரிமூவ் பண்ணினால் அந்தத் தளம் திரும்பவும் அனுமதி கேட்க முடியும். பிளொக் பண்ணினால் கேட்க முடியாது. அதனால் பிளொக்தான் நல்லது. பிறகு அதே பக்கத்தின் மேற்பகுதியில், எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கேட்கக் கூடாது என்ற தெரிவைப் போட்டுவிடுங்கள். அப்பாவின் கணினிக்கு எந்தத் தளத்தின் அறிவிப்பும் தேவையில்லை. செய்தி வாசிக்க வேண்டும் என்றால் அவர் தளத்தைத் திறந்து வாசிப்பார். எட்ஜிலும் ஃபயர்ஃபொக்ஸிலும் இதே அமைப்பு செற்றிங்ஸுக்குள் இருக்கிறது. தேடும் பெட்டியில் நொட்டிஃபிகேஷன் என்று அடித்தால் வந்துவிடும். அந்தக் கணினியில் எத்தனை பிரவுசர் இருக்கிறதோ அத்தனையிலும் பாருங்கள்.

மக்கஃபீ விஷயத்தில் ஒரு சிறிய கவனம் வேண்டும். புதிதாக வாங்கும் மடிக்கணினிகளில் மக்கஃபீ என்ற அன்டிவைரஸின் சோதனைப் பதிப்பு உண்மையாகவே போட்டு வருவதுண்டு. காலம் முடிந்ததும் அதுவும் பணம் கட்டச் சொல்லிக் கேட்கும். அது போலி இல்லை. எப்படிப் பிரிப்பது? செற்றிங்ஸில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைப் பாருங்கள். அதில் மக்கஃபீ இல்லையென்றால், இல்லாத மென்பொருள் காலாவதியாக முடியாது. எனவே வந்தது போலி. பட்டியலில் இருந்தால், காலம் முடிந்துபோன அதை அகற்றிவிடலாம். அகற்றியவுடன் விண்டோஸோடு வரும் மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டர் தானாகவே வேலையைப் பொறுப்பேற்கும். வீட்டுப் பாவனைக்கு அது போதும். காசு கொடுத்து இன்னொரு அன்டிவைரஸ் கட்டாயம் வாங்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை.

சரி, நீலத் திரைக்கு வருவோம். அப்பா பிளக்கைக் கழற்றியது தவறில்லை. அவரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் எதையும் அழுத்தவில்லை, யாரையும் அழைக்கவில்லை, காசு கொடுக்கவில்லை. அந்தத் திரை அவரிடம் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை.

அது ஒரு இணையப்பக்கம், அவ்வளவுதான். பிரவுசரை முழுத்திரைக்குப் பெருப்பித்து, மேலே இருக்கும் முகவரிப் பட்டியை மறைத்து, விண்டோஸின் நீலத் திரை போல ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். "ஸ்கான்" ஓடுவது போலத் தெரிவது ஒரு அசைபடம். ஒரு இணையப்பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து வைரஸ் தேட முடியாது. பிரவுசர் அதை அனுமதிக்காது. உங்கள் ஐபி முகவரியையும் ஊரின் பெயரையும் காட்டிப் பயமுறுத்துவார்கள். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் ஐபி முகவரி தெரியத்தான் செய்யும், அதை வைத்து ஊரைக் குத்துமதிப்பாகச் சொல்வது பெரிய வித்தை இல்லை. அதோடு இதை மட்டும் மனதில் வைத்திருங்கள்: மைக்ரோசொஃப்ட் தன்னுடைய பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி இலக்கம் போடுவதில்லை. இதை அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. எச்சரிக்கையில் இலக்கம் இருந்தால் அது மைக்ரோசொஃப்ட் இல்லை என்று அப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள். வேறு எந்த அடையாளத்தையும் அவர் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

திரும்ப வந்தால் பிளக்கைக் கழற்றாமலே வெளியே வரலாம். எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டாமல், சில செக்கன் அமத்திப் பிடியுங்கள். முழுத்திரை குலையும். அதற்குப் பிறகு அந்தத் தாவலை மூடலாம். மூட விடாமல் பெட்டி பெட்டியாக வந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் குரோமைத் தெரிவுசெய்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். பிறகு குரோமைத் திறக்கும்போது "முன்பு திறந்திருந்த பக்கங்களை மீட்கவா" என்று கேட்கும். அங்கேதான் பலர் பிடிபடுகிறார்கள். ரீஸ்டோர் கொடுத்தால் அதே பக்கம் அதே சத்தத்தோடு திரும்ப வரும். அதனால் "வைரஸ் போகவில்லை" என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வியை மூடிவிடுங்கள். எட்ஜ் பிரவுசரில் 2025 இல் இருந்து இப்படியான முழுத்திரைப் போலிகளைக் கண்டுபிடித்துத் தடுக்கும் வசதி ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. ஸ்கெயர்வெயர் பிளொக்கர் என்று செற்றிங்ஸில் தேடி, போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாவது வகை. அறிவிப்பு அனுமதிகளை எல்லாம் எடுத்த பிறகும் எச்சரிக்கை வந்தால், அல்லது கணினி தொடங்கியவுடன் முன்பின் தெரியாத ஒரு மென்பொருள் தானே "ஸ்கான்" ஓட்டி நூற்றுக்கணக்கில் பிழை காட்டி, திருத்துவதற்குக் காசு கேட்டால், உள்ளே ஏதோ நிறுவப்பட்டிருக்கிறது. நொட்டிஃபிகேஷன் பட்டியல் வெறுமையாக இருந்தாலும் இதையே சந்தேகிக்க வேண்டும்.

இப்படியான மென்பொருள்கள் காட்டும் எண்ணிக்கைகளை நம்பவே கூடாது. அமெரிக்காவில் 2019 இல் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. ஒஃபிஸ் டிப்போ என்ற பெரிய கடைத் தொகுதியும் அதற்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட் டொட் கொம் நிறுவனமும் சேர்ந்து 35 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தன. அவர்களுடைய பரிசோதனை மென்பொருள் தொடங்கும்போது, கணினி மெதுவாக இருக்கிறதா, தேவையற்ற பெட்டிகள் வருகின்றனவா என்கிற மாதிரி நான்கு கேள்விகள் இருக்கும். அதில் ஒன்றுக்கு அடையாளம் போட்டாலே, ஸ்கானில் என்ன இருந்தாலும், முடிவில் கெட்ட மென்பொருள் இருப்பதாக வந்தது என்பதுதான் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழுவின் குற்றச்சாட்டு. 2024 இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள் 26 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தன. விண்டோஸ் எச்சரிக்கை போலத் தோன்றும் பெட்டிகளைக் காட்டிப் பயமுறுத்தித் திருத்தச் சேவை விற்றதாக அவர்கள்மீது குற்றச்சாட்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூகுளில் "இந்த வைரஸை எப்படி அகற்றுவது" என்று தேடினால் மேலே வருகிற பக்கங்களில் பல, இதே மாதிரி ஒரு "திருத்தும்" மென்பொருளைத் தரவிறக்கச் சொல்லித்தான் முடியும். அதில் போய் விழ வேண்டாம்.

அகற்றும் வேலையை நான் எந்த ஒழுங்கில் செய்வேனோ அதையே சொல்கிறேன். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். கேபிள் என்றால் கழற்றுங்கள், வைஃபை என்றால் நிறுத்துங்கள். பிறகு செற்றிங்ஸில் செயலிகளின் பட்டியலைத் திறந்து, நிறுவிய திகதிப்படி அடுக்குங்கள். எச்சரிக்கை வரத் தொடங்கிய கிழமையில் என்னென்ன வந்து சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். கிளீனர், ஒப்டிமைசர், டிரைவர் அப்டேட்டர், பூஸ்டர் என்ற பெயர்களில் இருப்பவை முதல் சந்தேக நபர்கள். அன்இன்ஸ்டோல் பண்ணுங்கள். பண்ணும்போது "போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்" என்று ஒரு பெட்டி வரும். அதில் பெரிதாகப் பச்சையில் இருக்கும் பொத்தான் அகற்றுவதை நிறுத்தும் பொத்தானாக இருக்கும். மங்கலாக, சின்னதாக எழுதியிருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. நிதானமாக வாசித்து அழுத்துங்கள்.

அகற்ற மறுத்தால், கணினியை சேஃப் மோடில் தொடங்குங்கள். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத்தில் ஒரு பட்டியல் வரும். இது உண்மையான விண்டோஸ் திரை, பயப்பட வேண்டாம். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செற்றிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் கொடுத்து, 4 ஐ அழுத்துங்கள். சேஃப் மோடில் அந்த மென்பொருள் பெரும்பாலும் தானாக ஓடாது, அகற்ற இடம் கொடுக்கும்.

அடுத்து, டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியில் தெரியாதவற்றை டிசேபிள் பண்ணுங்கள். பிறகு பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு சேர்க்கும் சின்ன மென்பொருள்கள். அப்பா தெரிந்து போடாத எதுவும் அங்கே இருக்கத் தேவையில்லை. ஒரு விஷயம்: குரோமில் கூகுள் கணக்கு போட்டு சிங்க் நடந்துகொண்டிருந்தால், இங்கே அழித்த எக்ஸ்டென்ஷன் வீட்டின் மற்ற மடிக்கணினியில் இருந்து திரும்ப வரலாம். அதையும் பாருங்கள். வீட்டுக் கணினியிலேயே குரோம் பட்டியலின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தால், ஏதோ ஒரு மென்பொருள் குரோமுக்குள் கட்டளை புகுத்தியிருக்கிறது. சில நல்ல அன்டிவைரஸ்களும் அப்படிச் செய்வதுண்டு. அப்படி எதுவும் நீங்கள் போடவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது இணையத்தைத் திரும்பப் போட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிஃபெண்டருக்குப் புதிய அப்டேட் எடுங்கள். ஸ்கான் பண்ண முன் ஒரு இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தவறவிடுகிறார்கள். வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொட்டெக்ஷன், அதற்குள் மனேஜ் செற்றிங்ஸ், அதில் கீழே எக்ஸ்குளூஷன்ஸ். டிஃபெண்டர் எதைப் பார்க்காமல் விட வேண்டும் என்ற பட்டியல் அது. சில கெட்ட மென்பொருள்கள் உள்ளே வந்ததும் தங்களுடைய கோப்புறையை அதில் சேர்த்துவிடும். பிறகு எத்தனை முறை ஸ்கான் பண்ணினாலும் "ஒன்றும் இல்லை" என்றுதான் வரும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறையக் கணினிகளில் உரிமம் இல்லாத விண்டோஸ்தான் போட்டுத் தரப்படுகிறது. அதை இயங்க வைக்கப் போடும் அக்டிவேட்டரை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால், டிஃபெண்டரையே நிறுத்திவிடுவார்கள், அல்லது இந்தப் பட்டியலில் முழு சி டிரைவையும் சேர்த்துவிடுவார்கள். வாங்கியவருக்கு இது தெரியவே தெரியாது. அன்று தொடக்கம் அந்தக் கணினிக்குக் காவல் இல்லை. அப்பாவின் கணினியில் அந்தப் பட்டியலில் எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு அக்டிவேட்டரை டிஃபெண்டர் பிடித்து, "விண்டோஸை அக்டிவேட் பண்ணுங்கள்" என்று மூலையில் எழுத்து வரலாம். வரட்டும். அந்த எழுத்தோடும் விண்டோஸ் ஓடும்.

அப்புறம் ஸ்கான் ஒப்ஷன்ஸில் ஒஃப்லைன் ஸ்கான் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்ப முன்பே தேடும். ஒளிந்து ஓடுபவற்றுக்கு அதுதான் சரி. 15 நிமிடமளவில் முடியும். அதன் பிறகு முழு ஸ்கான் ஒன்றை இரவில் ஓடவிடுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மணித்தியாலக் கணக்கில் எடுக்கும். இரண்டாவது கருத்துக்கு மல்வெயர்பைட்ஸ் நிறுவனத்தின் அட்வ்கிளீனரை நான் பரிந்துரைப்பேன். இலவசம், நிறுவத் தேவையில்லை, தேவையற்ற எக்ஸ்டென்ஷன், குரோமுக்குள் புகுத்திய கட்டளை, விளம்பர மென்பொருள் இவற்றில் கெட்டி. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாக வரும் இணைப்பை அழுத்த வேண்டாம்.

இதுவரை சொன்னது எரிச்சல் தருகிற வகைகள். உண்மையில் ஆபத்தான இரண்டு சந்தர்ப்பங்கள் வேறு. இந்த இரண்டில் எதுவும் நடந்ததா என்று அப்பாவிடம் தனியாக, ஏசாமல், கேளுங்கள். ஏசுவார்கள் என்று தெரிந்தால் எங்கள் பெரியவர்கள் சொல்லமாட்டார்கள், சொல்லாமல் விடுகிற அந்த இரண்டு மூன்று நாளில்தான் வங்கிக் கணக்கு காலியாகும்.

முதலாவது, ஏதாவது ஒரு பக்கம் "விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்" என்று சொல்லி, அவர் அப்படியே செய்தாரா? 2024 இல் இருந்து பரவலாகியிருக்கும் முறை இது. ரோபோ இல்லை என்று நிரூபிக்கும் படிமுறை போலக் காட்டுவார்கள். உண்மையில் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் கொப்பி பண்ணி வைத்த ஒரு கட்டளையை, நீங்களே உங்கள் கையால் ஓடவிடுகிறீர்கள். இந்த வழியால் வருபவை பெரும்பாலும் பாஸ்வேர்ட் திருடும் மென்பொருள்கள். அவற்றில் லும்மா என்ற ஒன்று மட்டும், 2025 மார்ச் நடுப்பகுதியில் இருந்து மே நடுப்பகுதி வரையான இரண்டு மாதத்தில் 394,000 விண்டோஸ் கணினிகளைப் பிடித்திருந்ததாக மைக்ரோசொஃப்ட் கணக்குச் சொன்னது. இப்படி நடந்திருந்தால் எச்சரிக்கை வருகிறதா இல்லையா என்பது முக்கியமே இல்லை. பிரவுசரில் சேமித்திருந்த எல்லா பாஸ்வேர்ட்டும் போய்விட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு போனில் இருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்ட்டை முதலில் மாற்றுங்கள், பிறகு வங்கி, பிறகு முகநூல். மாற்றியதோடு விடாமல், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் உள்நுழைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். திருடர்கள் பாஸ்வேர்ட்டை மட்டுமில்லாமல் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் நிலையையே கொப்பி பண்ணி எடுக்கிறார்கள். இந்த ஒரு நிலைமையில் நானும் ஃபோர்மட் அடிக்கத்தான் சொல்வேன்.

இரண்டாவது, யாராவது அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர் (வேறிடத்தில் இருந்து கணினியை இயக்க விடும் மென்பொருள்கள்) போட்டு, அதில் வரும் இலக்கத்தை வாசித்துக் காட்டினாரா? இதில் எங்கள் வீடுகளுக்கு ஒரு தனிப் பலவீனம் இருக்கிறது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அப்பாவின் கணினியில் ஏதாவது பிரச்சினை என்றால், வட்ஸ்அப்பில் அழைத்து, "அப்பா, எனிடெஸ்கைத் திறந்து அந்த இலக்கத்தை வாசியுங்கோ" என்றுதான் திருத்திக் கொடுக்கிறார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் திரையில் இருக்கும் இலக்கத்தைத் தொலைபேசியில் ஒரு குரலுக்கு வாசித்துக் காட்டுவது அவருக்கு வழக்கமான காரியமாகிவிட்டது. மோசடிக்காரன் கேட்பதும் அதே இலக்கம்தான், பாவிப்பதும் அதே மென்பொருள்தான். உள்ளே வந்தவுடன் விண்டோஸின் ஈவண்ட் வியூவரைத் திறந்து காட்டுவார்கள். நன்றாக வேலை செய்கிற எந்தக் கணினியிலும் அதில் சிவப்பு, மஞ்சள் அடையாளங்கள் நிறைய இருக்கும். அவை சாதாரணப் பதிவுகள். அவற்றைக் காட்டி "இவ்வளவும் வைரஸ்" என்பார்கள். பிறகு காசு, பெரும்பாலும் பரிசு அட்டை வழியாக. அதைக் கனடாவில் இருக்கும் பிள்ளையால் சுலபமாக வாங்கிக் கொடுக்க முடியும். அண்ணா அந்த இலக்கத்துக்கு அழைக்கக் கூடாது என்று நான் தொடக்கத்திலேயே சொன்னதன் காரணம் இதுதான். அவர் அழைத்தால், காசு கொடுக்கக் கூடிய ஒருவர் கிடைத்துவிட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அண்ணாவோடு இப்படி ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் எனிடெஸ்கை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டாம். கேட்காமலே உள்ளே வரும் வசதியைப் பாஸ்வேர்ட் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். தேவைப்படும்போது, அப்பாதான் அண்ணாவை வீடியோவில் அழைக்க வேண்டும். முகத்தைப் பார்த்த பிறகுதான் இலக்கம். வேறு யார் கேட்டாலும், வங்கி என்றாலும் டயலொக் என்றாலும் எஸ்எல்ரி என்றாலும், இல்லை.

ஏற்கெனவே யாரையாவது உள்ளே விட்டிருந்தால், இணையத்தைத் துண்டித்து, அந்த மென்பொருளை அகற்றி, அட்டையின் பின்புறம் இருக்கும் வங்கி இலக்கத்துக்கு உடனே அழைத்து அட்டையை நிறுத்துங்கள். அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாம், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்புக்கும் அறிவிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவனைப் பிடிப்பார்கள் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் வங்கியோடு பேசும்போது முறைப்பாட்டுப் பிரதி கையில் இருப்பது உதவும். சில கிழமைக்குப் பிறகு "உங்கள் காசை மீட்டுத் தருகிறோம்" என்று இன்னொருவர் அழைத்தால், அதுவும் மோசடிதான்.

திரும்ப வராமல் இருக்க, எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து வீடுகளில் நான் காணும் வழிகள் பெரும்பாலும் இவைதான்: புதுப்படத் தளங்கள், பாமினி எழுத்துரு தேடிப் போன தரவிறக்கப் பக்கங்கள், ஓ.எல்., ஏ.எல். வினாத்தாள் தேடிப் போன பக்கங்கள். எழுத்துருப் பக்கத்தில் "டவுன்லோட்" என்று நான்கைந்து பெரிய பொத்தான்கள் இருக்கும், உண்மையானது ஒன்று, மற்றவை விளம்பரம். எழுத்துரு என்றால் கோப்பின் பெயர் பெரும்பாலும் டிடிஎஃப் என்று முடியும். இஎக்ஸ்இ என்று முடிந்தால் அதைத் திறக்க வேண்டாம். பாடநூல்களுக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளம் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் "நூலகம்" என்ற இணையத்தளம் இருக்கிறது. இரண்டிலும் காசும் இல்லை, பயமும் இல்லை. ஃபயர்ஃபொக்ஸில் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனைப் போட்டுக் கொடுத்தால் போலிப் பொத்தான்களில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது. குரோமில் அதன் லைட் பதிப்புதான் ஓடும், அதுவும் பரவாயில்லை. படம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லி நான் அப்பாவுக்குச் சொல்லமாட்டேன், அது நடக்காது. இதைப் போட்டுக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு அமைப்புகள். விண்டோஸ் செக்யூரிட்டியில் அப் அண்ட் பிரவுசர் கொன்ட்ரோல் பகுதியில், தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் தெரிவு நிறுத்தப்பட்டிருந்தால் போட்டுவிடுங்கள். கிளீனர், பூஸ்டர் வகைகளைப் பிடிப்பது அதுதான். அடுத்தது, அப்பாவுக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்று உருவாக்கிக் கொடுத்து, நிர்வாகிப் பாஸ்வேர்ட்டை நீங்கள் வைத்திருங்கள். கணினி முழுவதற்கும் ஏதாவது நிறுவ முயன்றால் பாஸ்வேர்ட் கேட்கும், அவர் உங்களைக் கூப்பிடுவார். இது அவமதிப்பாகப் படாமல் இருக்க, முன்பே விளங்கப்படுத்திச் செய்யுங்கள். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. நீடித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்தால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை கிடைக்கும். கணினி தாங்கும் என்றால் விண்டோஸ் 11 க்கு மாறுவது நல்லது.

இவ்வளவும் செய்தும் சரிவராமல் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், கடைக்காரரிடம் கொடுக்க முன் ஒரு வேலை இருக்கிறது. அப்பா சனசமூக நிலையத்தின் கூட்ட அறிக்கைகளும் கோயில் கணக்குகளும் இத்தனை வருடமாக அதில்தான் அடித்து வைத்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் அடித்தது பாமினியில் என்றால், கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்தால் மட்டும் போதாது. பாமினி யுனிகோட் எழுத்துரு இல்லை. ஃபோர்மட் அடித்த கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், கோப்பைத் திறக்கும்போது தமிழுக்குப் பதிலாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் இருக்கிறார்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபொண்ட்ஸ் என்று இருக்கும் இடத்தில் இருந்து பாமினியையும், அவர் பாவிக்கும் மற்றத் தமிழ் எழுத்துருக்களையும் கொப்பி பண்ணி அதே பென் டிரைவில் வையுங்கள். டெஸ்க்டொப்பையும் டவுன்லோட்ஸ் கோப்புறையையும் மறக்க வேண்டாம், பெரியவர்கள் பாதிக் கோப்பை அங்கேதான் வைத்திருப்பார்கள். பென் டிரைவில் எடுத்ததை உங்கள் மடிக்கணினியில் போட்டு, டிஃபெண்டரால் ஒருமுறை ஸ்கான் பண்ணி, இரண்டு மூன்று கோப்பைத் திறந்து தமிழ் தெரிகிறதா என்று பார்த்த பிறகு கணினியைக் கடையில் கொடுங்கள்.